மயில்கழுத்துக் கலர்

ஆபரேஷன் முடிந்து வார்டுக்குக் கொண்டுவந்து போட்டதும் அசந்து தூங்கிவிட்டேன். என்னை எழுப்பியது என் நாத்தனாரின் குரல்.

"ஐயையோ, யாராவது வாங்களேன்! எங்க அண்ணிக்கு உள்ளே சாயம் போகுது!"

கட்டிலின் பக்கவாட்டுக் கம்பியில் சிறுநீர்ப் பை தொங்கிக்கொண்டிருந்தது. அதில் இறங்கியிருந்தது மஞ்சள் இல்லை. நீலமும் இல்லை, பச்சையும் இல்லை, இரண்டும் குழைந்த ஒரு நிறம். நர்ஸ் ஓடிவந்தாள். தொடை இடுக்கில் இருக்கும் நெறிக்கட்டியைக் கண்டுபிடிப்பதற்காகக் காலில் நீலச் சாயம் ஊசி போட்டிருக்கிறார்கள், அது சிறுநீரில்தான் வெளியேறும், இரண்டு நாளைக்கு இப்படித்தான் இருக்கும் என்று விளக்கினாள். நாத்தனார் முழுதும் கேட்டாள். பிறகு பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இருபது வருஷம் என் கடையில் துணி பிரித்துப் போட்ட கண்ணால் நிதானமாகப் பார்த்தாள்.

"கிளிப்பச்சைன்னு நெனச்சேன். இல்ல அண்ணி, இது மயில்கழுத்து. இதுக்கு மேட்ச்சா லைனிங் எந்தக் கடையிலயும் கிடைக்காது."

எதிர்க்கட்டிலில் படுத்திருந்த பாட்டி உடனே சொன்னார்: "அந்தக் கலர்ல எனக்கு ஒரு ஜாக்கெட் துணி எடுத்து வையி."

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். தொடை இடுக்கில் போட்ட தையல் ஒவ்வொன்றும் தனித்தனியாக வலித்தது. வலிக்க வலிக்கச் சிரித்தேன். அந்த மூன்று மாதத்தில் நான் சிரித்தது அதுதான் முதல் முறை.

இந்தப் பதிவை எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். தோல் புற்றுநோயோடு நான்கு வருஷமாக இருக்கிறேன். கேட்பவர்கள் மருந்தைப் பற்றிக் கேட்கிறார்கள், செலவைப் பற்றிக் கேட்கிறார்கள். அதெல்லாம் முக்கியம்தான். ஆனால் எங்கள் வீட்டில் சிரிப்பு எப்படிப் போனது, யார் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும் என்று எனக்கு ஆசை.

நான் மயிலாடுதுறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். முப்பத்தோரு வருஷம் கால்மிதி மிஷின். ஒரு நாள் மத்தியானம் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு பட்டுப்புடவைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். என் மகள் வயிற்றுப் பேத்திக்கு அப்போது நாலு வயசு. தரையில் சிதறிக் கிடந்த கொக்கிகளைப் பொறுக்கிக்கொண்டே வந்தவள் என் வலது கால்மாட்டில் நின்றுவிட்டாள். "அம்மாச்சி, உன் கால்ல மை கொட்டியிருக்கு."

குதிகாலுக்குக் கொஞ்சம் முன்னால், உள்ளங்காலில், ஒரு கறுப்பு. மை கொட்டினதுபோலவேதான் இருந்தது, ஓரம் நேராக இல்லாமல், ஒரு பக்கம் கரைந்து. தேய்த்தேன், போகவில்லை. நடக்கும்போது உறுத்தல் வேறு இருந்ததால் கால் ஆணி என்று முடிவு கட்டினேன். மருந்துக்கடையில் கார்ன் கேப் வாங்கி ஒட்டினேன். தெருவில் ஒருவர் எருக்கம்பால் வைக்கச் சொன்னார், வைத்தேன். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினேன். ஆணிதான் என்று சொல்லி இரண்டு தடவை செதுக்கிவிட்டார்கள். இரண்டாவது தடவை ரத்தம் நிற்க ரொம்ப நேரம் ஆனது. இப்படியே எட்டு மாதம் போனது. இன்றைக்கும் அந்த எட்டு மாதத்தை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாகத்தான் இருக்கிறது.

கடைசியில் தஞ்சாவூரில் ஒரு தோல் மருத்துவர், லென்ஸ் வைத்த ஒரு சின்னக் கருவியை உள்ளங்காலில் பதித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு நிமிர்ந்தவர் முகத்தில் பேச்சில்லை. சின்னதாகச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். மெலனோமா என்று வந்தது. தோலுக்குக் கறுப்பு நிறம் கொடுக்கிற செல்களில் வருகிற புற்றுநோய்.

"வெயிலே படாத இடம் டாக்டர், உள்ளங்கால்" என்றேன்.

அதுதான் விஷயமே என்றார். வெள்ளைத் தோல்காரர்களுக்குப் பெரும்பாலும் வெயிலால் வருகிறது. நம்மைப்போல் மாநிறமும் கறுப்புமாக இருப்பவர்களுக்கு மெலனோமா வருவதே அபூர்வம். ஆனால் வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில் என்று ஒளிந்த இடமாகப் பார்த்து வருகிறது. இந்த வகைக்கும் வெயிலுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. ஆணி, நகக்கண்ணில் அடிபட்ட ரத்தக்கட்டு, ஆறாத புண் என்று எல்லாரும் நினைத்துக்கொள்வதால் தாமதமாகிறது. இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து இன்று ராத்திரி உங்கள் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் காலை நீங்கள் பாருங்கள். மஞ்சள் பூசுகிறோம், மருதாணி வைக்கிறோம், கொலுசு மாட்டுகிறோம், அடிப்பக்கத்தை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

அந்தச் சொல் வீட்டுக்குள் வந்ததும் வீடு ஊமையாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கும்பகோணம் ரூட்டில் அவர் போட்ட சத்தத்தை இன்னும் ஞாபகம் வைத்திருப்பவர்கள் உண்டு. படிக்கட்டில் தொங்குகிற காலேஜ் பையன்களை ஒரு கடுஞ்சொல் இல்லாமல் சிரிக்கவைத்தே உள்ளே இழுத்துவிடுவார். அப்படிப்பட்ட மனுஷன் பேசுவதை நிறுத்திவிட்டார். யாராவது கேட்டால் "கால்ல ஒரு கட்டி" என்பார். என்னிடம் பேசும்போது "அது" என்பார். "அதுக்கு எப்ப போகணும்?" "அதுக்கு மாத்திரை போட்டியா?" மகள் போனில் பேசும்போது குரலைத் தாழ்த்தினாள். கடையில் பெண்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். நோய் என் காலில் இருந்தது. ஆனால் எல்லாரும் என்னைச் சுற்றி நுனிக்காலில் நடந்தார்கள்.

பேத்தி ஒருத்திதான் விதிவிலக்கு. புற்று என்ற சொல்லை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டாள். எங்கள் தெருக்கோடியில் நாகாத்தம்மன் புற்று இருக்கிறது, ஆடி மாதம் முட்டையும் பாலும் வைப்போம். "அம்மாச்சி கால்ல புத்து வந்திருக்காம். உள்ளே பாம்பு இருக்கா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். மகள் அவள் வாயைப் பொத்தினாள். எனக்கு மட்டும் அந்தக் கேள்வி பிடித்திருந்தது. நாலு பேர் மத்தியில் என் காலைப் பற்றி முழுக் குரலில் பேசியவள் அவள்தான்.

சென்னையில் ஆபரேஷன். மகன் வேலை செய்கிற கம்பெனியின் இன்ஷூரன்ஸில் நானும் இருந்தேன், அந்த ஒன்று எங்களைக் காப்பாற்றியது. ஆபரேஷனுக்கு முன்னால் சர்ஜன் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். மெலனோமாவில் அது எவ்வளவு அகலம் என்பதைவிட எவ்வளவு ஆழம் என்பதுதான் முக்கியமாம். 1970இல் பிரெஸ்லோ என்ற மருத்துவர் கண்டுபிடித்துச் சொன்ன அளவு, இன்றுவரை அதுதான் அளவு. என்னுடையது 2.3 மில்லிமீட்டர். என் மிஷினில் சாதாரணத் துணிக்கு நான் வைக்கிற ஒரு தையலின் நீளம் 2.5. முப்பத்தோரு வருஷத்தில் அந்த நீளத்தில் எத்தனை லட்சம் தையல் போட்டிருப்பேன். அதில் ஒரே ஒரு தையல் அளவுகூட இல்லாத ஆழம், எங்கள் வீட்டையே இப்படிப் புரட்டிப் போட்டிருந்தது.

"சுத்தி ரெண்டு சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுப்போம்மா" என்றார்.

"தையலுக்குத் துணி விட்டு வெட்டுற மாதிரியா டாக்டர்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நீங்க விடுறது திரும்பச் சேர்க்கறதுக்கு. நாங்க விடுறது திரும்பச் சேராம இருக்கறதுக்கு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. என் தொழிலை வைத்து என்னிடம் பேசியவர் அவர்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். ஆனால் எனக்கு நினைவு இருந்தது. நடுவில் பச்சைத் துணி கட்டித் தடுத்திருந்தாலும் காது கேட்கும் அல்லவா. வெட்டி எடுத்த தோலில் ஒரு நீள நூலும் ஒரு குட்டை நூலும் கட்டி அனுப்பச் சொன்னார் சர்ஜன். சோதனை செய்கிறவருக்கு எது மேல் பக்கம், எது ஓரம் என்று தெரியவேண்டுமாம். நாங்கள் முன்துணி பின்துணிக்குச் சாக்பீஸால் அடையாளம் போடுவோமே, அதேதான். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"என்ன நூல் டாக்டர்?"

"சில்க்கும்மா."

"பட்டு நூலா! அப்ப கூலி சாஸ்தி."

மயக்க மருந்து கொடுத்த அம்மா என் தலைமாட்டில் நின்று சிரித்தது என் நெற்றியில் காற்றாகப் பட்டது. பிறகு என் இடது தொடையிலிருந்து மெல்லிசாகத் தோல் சீவி எடுத்து உள்ளங்காலில் ஒட்டுப் போட்டார்கள். மேலே பஞ்சு மூட்டை வைத்துச் சுற்றிலும் தைத்துக் கட்டினார்கள். ஸ்கூல் பைக்கு அடியில் ஜாக்கெட் லைனிங்கை வைத்துத் தைத்ததுபோல்தான் இன்றும் அது இருக்கிறது. உடம்பையே தாங்குகிற இடத்தில் தொடையின் பூந்தோல். அதிகம் நின்றால் வெடிக்கும், தினம் எண்ணெய் தடவவேண்டும். பேத்தி விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பள்ளிக்கூடத்தில் போய், "எங்க அம்மாச்சி தொடையாலதான் நடக்குறாங்க" என்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் மகளைக் கூப்பிட்டு விசாரித்தார்.

எதிர்க்கட்டில் பாட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்தப் பதிவு பாதி அவருக்காகத்தான்.

செய்யாறு பக்கம் ஒரு கிராமம். எழுபது வயசுக்கு மேல் இருக்கும். கழனி வேலை செய்த உடம்பு. அவருக்கும் தோல் புற்றுநோய்தான், வேறு வகை. இடுப்பில், பாவாடை நாடா இறுக்குகிற இடத்தில் வந்திருந்தது. ஐம்பது அறுபது வருஷம் ஒரே இடத்தில் கயிறுபோல் முறுக்கிக் கட்டிய நாடா. முதலில் கறுத்து, சொறசொறத்து, அப்புறம் அரித்து, அப்புறம் புண்ணாகி, புண் ஆறாமல் கடைசியில் இதில் வந்து நின்றிருக்கிறது. கேட்டபோது எனக்கு உடம்பு பதறிவிட்டது. நான் இதுவரை எத்தனை உள்பாவாடைக்கு நாடா கோத்திருப்பேன்!

அப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இது புதிதும் இல்லை. 1945லேயே பம்பாயில் கனோல்கர் என்ற மருத்துவரும் சூர்யாபாய் என்ற மருத்துவரும் வேட்டியை இறுக்கிக் கட்டுகிறவர்களின் இடுப்பில் இப்படி வருவதை எழுதிவைத்திருக்கிறார்கள். 2024இல் வார்தாவிலும் பீகாரிலும் இருந்து இரண்டு பெண்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள், ஒருவருக்கு எழுபது வயசு. துணி குற்றவாளி இல்லை. அகலம் இல்லாத நாடாவும், அதை ஒரே இடத்தில் தினமும் இறுக்குவதும்தான்.

பாட்டிக்கு இந்த விவரமெல்லாம் தேவைப்படவில்லை. "தாலி கட்டின மனுஷன் போயி இருபது வருஷம் ஆச்சு. இந்த நாடா மட்டும் என்னை விடாம இறுக்கிப் புடிச்சுக்கிச்சு பாரு தையக்காரம்மா" என்பார். என்னை அப்படித்தான் கூப்பிடுவார். காலையில் டாக்டர்கள் கூட்டமாக வந்து பேத்தி வயசுப் பெண்பிள்ளைகளுக்கு அவர் இடுப்பைக் காட்டிப் பாடம் நடத்துவார்கள். பாட்டி கூச்சப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். மூன்றாம் நாள் அவரே துணிந்து, "எல்லாரும் என் இடுப்பைப் பாத்துட்டீங்க. அதுல யாரு நாடாவை இறுக்கிக் கட்டியிருக்கீங்க, கையைத் தூக்குங்க" என்றார். சுடிதார் போட்டிருந்த இரண்டு பெண்கள் தங்களையறியாமல் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். பெரிய டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து அவரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் "தொடலாமா பாட்டி?" என்று கேட்டார்கள். சிரிப்புக்கு அந்த வலு இருக்கிறது என்பதை நான் அந்தக் கட்டிலுக்கு எதிரே படுத்துக்கொண்டு பார்த்தேன். அதுவரை அவர் ஒரு புண். அதற்கப்புறம் பாட்டி.

ராத்திரியில் அவர் அழுவதும் எனக்குக் கேட்கும். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகும் என் வீட்டுக்காரர் பேசவில்லை. ஆறு வாரம் நான் வலது காலைத் தரையில் ஊன்றக் கூடாது. அவர்தான் தூக்கினார், துடைத்தார், கட்டு மாற்ற அழைத்துப் போனார். ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் ஒரு வார்த்தை இல்லை. வீட்டில் டிவி மட்டும் பேசியது.

வைகாசியில் என் தங்கை மகனுக்குக் கல்யாணம். நாற்காலியில் உட்காரவைத்து மண்டபத்துக்குக் கூட்டிப் போனார்கள். வலது காலில் பெரிய கட்டு, அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பை. தாலி கட்டி முடித்துப் பெரியவர்களிடம் ஆசீர்வாதம் வாங்க வந்தார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் என் முன்னால் வந்து குனிந்தார்கள். குனிந்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள். கட்டுப் போட்ட காலைத் தொடலாமா, ஒரு காலை மட்டும் தொட்டால் தப்பாகிவிடுமா, தொடாமல் எழுந்தால் எனக்கு மனசு கஷ்டப்படுமா என்று இரண்டு பிள்ளைகளும் தவித்தது எனக்குத் தெரிந்தது. சுற்றி நின்ற சொந்தமெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. புரோகிதர்கூட நிறுத்திவிட்டார்.

"பெரியம்மா… எந்தக் கால்?" என்றான் மெதுவாக.

எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். கும்பகோணம் ரூட்டில் கேட்ட அதே குரல்.

"வலது கால் டிப்போவுல நிக்குது மாப்ளே! எடது கால்ல ஏறிக்குங்க. சீக்கிரம், சீக்கிரம், பின்னால ஆள் நிக்குது பாருங்க!"

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு மண்டபம் சிரித்த சிரிப்பில் நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கல்யாணப்பெண் மாலையோடு என் இடது முழங்காலில் தலைவைத்துச் சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்து பத்து நிமிஷம்கூட ஆகாத பெண். நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. துண்டால் துடைக்கவும் இல்லை.

அன்று ராத்திரி வீட்டில் முதல் முறையாக அவர் "அது" என்று சொல்லவில்லை. "உனக்குக் கேன்சர்னு சொன்னப்ப எனக்குக் கை காலெல்லாம் விட்டுப்போச்சு" என்று ஆரம்பித்தார். விடிய விடியப் பேசினோம்.

சிரித்தால் நோய் போய்விடும் என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் எனக்கு நிறைய வீடியோ அனுப்புகிறார்கள். கல்லூரியில் வேலை செய்கிற ஒரு வாடிக்கையாளர் அம்மா நல்ல மனசோடு நார்மன் கசின்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியரைப் பற்றிச் சொன்னார். முதுகெலும்பு மூட்டுகளைத் தாக்கிய நோயில் கிடந்தபோது மார்க்ஸ் சகோதரர்களின் சிரிப்புப் படங்களைப் போட்டுப் பார்த்தாராம், 1979இல் அதைப் புத்தகமாக எழுதினாராம். பத்து நிமிஷம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று அவர் எழுதியதை நான் முழுசாக நம்புகிறேன். எனக்கும் அது நடந்திருக்கிறது. ஆனால் அது தூக்கம். என் காலில் இருந்ததை எடுத்தது கத்தி.

"நீ சிரிச்சுக்கிட்டே ஜெயிச்சிடுவக்கா" என்று போனில் சொல்கிறார்களே, அதைக் கேட்டால் எனக்குத் தளர்ச்சி வருகிறது. நான் சிரிக்காத நாளில் நோய் முற்றினால் அது என் குற்றமாகிவிடுமா? நோயாளியிடம் சிரிப்பைக் கடமையாகக் கேட்காதீர்கள். அதேபோல எட்ட நின்று சிரிக்கிறவர்களும் உண்டு. "உள்ளங்கால்ல கேன்சரா? தேய்ஞ்சு போயிடும் விடு" என்று ஒருவர் கடை வாசலில் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். என் நாத்தனார் சாயம் போகுதென்று சொன்னாள், இவர் தேய்ந்துபோகும் என்றார். நாத்தனார் அந்தப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். இவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

என் மகனிடம் ஒரு பழைய டீஷர்ட் உண்டு. நீளச் சடை போட்ட ஒரு மனுஷர் படம். காலேஜ் நாளிலிருந்து போடுகிறான், நானே இரண்டு தடவை கழுத்துப் பட்டி மாற்றித் தைத்திருக்கிறேன். என் மாமியார் உயிரோடு இருந்தவரை அது யாரோ ஜடாமுனி என்று நினைத்து, துவைத்து மடிக்கும்போது கண்ணில் ஒற்றிக்கொள்வார். நோய் வந்த பிறகு ஒரு நாள் மகன் அந்த டீஷர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிச் சொன்னான். அவர் பெயர் பாப் மார்லி, ஜமைக்காவின் பாடகர். 1977இல் அவருக்குக் கால் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் இதே வகை மெலனோமா. பந்து விளையாடி அடிபட்ட காயம் என்று முதலில் நினைத்தார்களாம், நான் ஆணி என்று நினைத்ததுபோல. 1981 மே மாதம் இறந்துபோனார். வயசு 36.

அந்த முகத்தை அன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தேன். எத்தனை வருஷம் இஸ்திரி போட்டிருக்கிறேன். "ஆயா கும்பிட்டது சரிதான்போல" என்றான் மகன். சிரித்தோம். பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

ஆபரேஷன் முடிந்து பதினான்கு மாதம் கழித்து அதே காலில், கணுக்காலுக்கு மேலே, கடுகு அளவில் மூன்று கறுப்புப் புள்ளிகள் வந்தன. எண்ணெய் தடவும்போது என் விரலில்தான் தட்டுப்பட்டது. திரும்ப வந்துவிட்டது. அந்த இருபது நாள் எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கவேண்டிய நாட்களும் இல்லை அவை. நாத்தனார் தன் வீட்டைப் போட்டுவிட்டு வந்து என் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். நடுராத்திரி கையைக் கீழே தொங்கவிட்டால் பிடித்துக்கொள்வாள்.

இப்போது மூன்று வாரத்துக்கு ஒரு முறை நரம்பு வழியாக மருந்து ஏறுகிறது. நம் உடம்பின் காவல் செல்களுக்கு ஒரு பிரேக் இருக்கிறதாம். புற்றுநோய் அந்தப் பிரேக்கை மிதித்துக்கொண்டு தப்பிக்கிறதாம். மருந்து அந்த மிதியை எடுத்துவிடுகிறது. இந்தப் பிரேக்குகளைக் கண்டுபிடித்து, அதை எடுத்துவிட்டு வைத்தியம் செய்யலாம் என்று காட்டிய அலிசன், ஹோஞ்சோ என்ற இரண்டு பேருக்கு 2018இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். டாக்டர் சொன்ன இந்த விளக்கத்தை என் வீட்டுக்காரர் எங்கள் தெருவுக்கே சொல்லிவிட்டார். பஸ் உவமை அவருக்கு அமிர்தமாக இருந்தது. உள்ளங்காலில் வருகிற வகைக்கு இந்த மருந்து, வெயிலால் வருகிற வகைக்குக் கேட்கிற அளவுக்குக் கேட்பதில்லை என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை. அதையும் சேர்த்துத்தான் நாங்கள் தெரிந்துவைத்திருக்கிறோம்.

ஏழாவது மாதம் என் இடது புறங்கையில் ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது. பிறகு கழுத்தில், பிறகு புருவத்தில் நாலு முடி வெளுத்தது. வெண்புள்ளி என்றால் நம் ஊரில் எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அளவெடுக்க வந்த ஒருவர் என் கை பட்டதும் சுருங்கினார். அக்கம்பக்கத்தில் "ஏற்கெனவே அந்த நோய், இப்ப இது வேறயா" என்று பரிதாபப்பட்டார்கள். நானும் பயந்துபோய்த்தான் டாக்டரிடம் கையை நீட்டினேன்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். பக்கத்து அறையிலிருந்து இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். காவல் செல்கள் கறுப்பு நிறச் செல்களைத் தேடிப்பிடித்து அடிக்க ஆரம்பித்திருக்கின்றன, புற்றுநோயும் அதே குடும்பத்துச் செல்தானே, இந்த மருந்தில் வெள்ளைத் திட்டு வருகிறவர்களுக்கு மருந்து நன்றாக வேலை செய்வதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறோம் என்றார். உத்தரவாதம் இல்லையம்மா, ஆனால் நல்ல சகுனம் என்றார். அவர் வாயில் சகுனம் என்ற சொல் வந்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். தெருவில் வீடு வீடாகக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்டவர்களிடம் "எங்க அண்ணிக்கு வெண்புள்ளி வந்திருக்கு!" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். வாங்கிக்கொண்டவர்கள் திகைத்து நின்றதை அவள் நடித்துக்காட்டியபோது என் வீட்டுக்காரர் பாயில் உருண்டார். கை பட்டதும் சுருங்கினாரே, அவர் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போனது. அடுத்த வாரம் அவரே வந்தார். கையை நீட்டி, "அளவு எடுங்கக்கா" என்றார்.

போன ஸ்கேனில் புதிதாக ஒன்றும் இல்லை. அடுத்தது மார்கழியில்.

பழைய கால்மிதி மிஷினுக்கு மோட்டார் மாட்டியாகிவிட்டது, இடது காலால் தொட்டால் போதும். உள்பாவாடைக்கு நாடா கோப்பதை நிறுத்திவிட்டேன். மூன்று அங்குல அகலத்தில் இடுப்புப் பட்டி, பக்கவாட்டில் மூன்று வரிசைக் கொக்கி. மூன்றில் எதில் வேண்டுமானாலும் மாற்றி மாற்றி மாட்டலாம். வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் இடுப்பில் தழும்பு, கறுப்பு, ஆறாத புண் இருக்கிறதா என்று கேட்கிறேன். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள், பரவாயில்லை. இரண்டு பேரைத் தோல் டாக்டரிடம் அனுப்பியிருக்கிறேன். இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை என்று வந்தது. நல்லது.

போன வாரம் செய்யாற்றுப் பாட்டி பேசினார். பேரன் போன் போட்டுக் கொடுத்திருக்கிறான். புண் ஆறி ஒட்டுத்தோல் பிடித்துவிட்டதாம், ஆனால் எதைக் கட்டினாலும் உறுத்துகிறதாம்.

"தையக்காரம்மா, நாடா வேணாம். கொக்கியும் வேணாம். எலாஸ்டிக்கும் வேணாம். காத்த வச்சு ஒண்ணு தச்சுக் குடு."

மல்துணியில் தோளிலிருந்து தொங்குகிற மாதிரி, இடுப்பையே தொடாமல் ஒன்று வெட்டியிருக்கிறேன். குழந்தைகளுக்குத் தைக்கிற பெட்டிகோட் மாதிரி, பெரிய அளவில். நாத்தனாரைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். கண்ணாடி முன்னால் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பாட்டிக்கு எந்தக் கலரில் அனுப்பப் போகிறாய் என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அலமாரியில் அந்த நிறத்தைத் தேட ஆரம்பித்தோம்.